துப்பாக்கியும் கட்சியும்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் கண்ட உண்மை



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. நம் இளைஞர் சிலரின் அறைச் சுவரிலும் கைப்பேசியிலும், கறுப்புத் தொப்பி அணிந்து துப்பாக்கி ஏந்தி நிற்கும் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் படத்தைக் காண்கிறோம். அப்படம் தரும் பெருமிதத்தை நாம் குறை கூறோம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை பலருக்கும் தெரிவதில்லை.

அமெரிக்காவில் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்பதை அறிந்தால், அவர் எக்கட்சிக்கு வாக்களிப்பார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பியூ ஆய்வு மையம் 2023ஆம் ஆண்டு எடுத்த கணக்கில், குடியரசுக் கட்சியினரிலும் அதன் சார்பினரிலும் 100க்கு 45 பேர் தமக்குத் துப்பாக்கி உண்டு என்றனர். ஜனநாயகக் கட்சிப் பக்கத்தில் 100க்கு 20 பேரே அவ்வாறு கூறினர். வெள்ளையரில் 38 பேர். கறுப்பினத்தவரில் 24 பேர். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கூடாது என்பது முன்னதன் குரல், வேண்டும் என்பது பின்னதன் குரல். இக்கொள்கைகள் ஆதி நாள் தொட்டு மாறாமல் வந்தவை என்று எண்ணினால் ஏமாந்து போவோம்.

1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அவ்வாண்டே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. படையில் பணிபுரியாத கறுப்பினத்தவர், உள்ளூர் அதிகாரக் குழுவின் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் என்றது அது. அக்குழுவில் இருந்தோர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? அந்நாளில் விடுதலை பெற்றோரின் கட்சி, லிங்கனின் குடியரசுக் கட்சி. பழைய பண்ணையார்களின் கட்சி, ஜனநாயகக் கட்சி. இன்றைய நிலைக்கு இது நேர்மாறு என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

லூசியானா மாநிலத்துக் கோல்ஃபாக்ஸ் ஊரில் நடந்ததைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 1872ஆம் ஆண்டு அம்மாநில ஆளுநர் தேர்தலில் இரு கட்சியாரும் தாமே வென்றதாகக் கூறினர். குடியரசுக் கட்சியைச் சார்ந்த கறுப்பின மக்கள் அவ்வூர் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்றனர். அவர்கள் வெறுங்கையர் அல்லர். அவர்களிடமும் துப்பாக்கிகள் இருந்தன. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று வெள்ளையர் படையொன்று சிறு பீரங்கியுடன் வந்து கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்த பின்னரும் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோர் 60 என்பாரும் 150 என்பாரும் உளர். தண்டனை பெற்றோர் மூவரே. 1876ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. படைக்கலம் தாங்கும் உரிமை நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் பறித்தால் அதைத் தடுப்பது அந்தந்த மாநிலத்தின் வேலை என்றது தீர்ப்பு. மாநிலமோ பறித்தவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

1956ஆம் ஆண்டு மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அறவழி நின்ற பெரியவரும் ஒரு நாள் அந்த மனுவை எழுதினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனிக் கருஞ்சிறுத்தைகள். 1966ஆம் ஆண்டு ஓக்லண்ட் நகரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் அக்கட்சியைத் தொடங்கினர். குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வதைக் கலிபோர்னியச் சட்டம் அப்போது தடுக்கவில்லை. அவர்கள் அச்சட்டத்தைப் படித்தறிந்து, துப்பாக்கியுடன் காவலரின் வண்டிகளைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். உடனே குடியரசுக் கட்சி உறுப்பினரான மல்ஃபோர்ட் என்பார், அதைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2ஆம் நாள் சிறுத்தைகள் துப்பாக்கியுடன் சட்டமன்றக் கட்டடத்துள் நுழைந்தனர். மசோதா மேலும் விரைந்தது. இரு கட்சியாரும் வாக்களித்தனர். தேசியத் துப்பாக்கிச் சங்கம் ஆதரித்தது. ஆளுநர் ரொனால்டு ரீகன் ஜூலையில் கையெழுத்திட்டார்.

அதே துப்பாக்கிச் சங்கம் 1977இல் கட்டுப்பாட்டை அறவே எதிர்ப்போர் கைக்கு மாறியது. 1980இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் முதன்முறையாக ஒருவரை ஆதரித்தது. அவர் வேறு யாருமல்லர், அந்த ரீகனே! 13 ஆண்டுகளில் துப்பாக்கி மாறவில்லை, அதை ஏந்திய கைதான் மாறியிருந்தது. (1981இல் சுடப்பட்டுப் பிழைத்த ரீகன், பதவி விட்டிறங்கிய பின் 1991இல் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றை ஆதரித்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம்.)

2016ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்னும் கறுப்பினத்தவர் காரில் சென்றபோது காவலர் நிறுத்தினார். அவர் பள்ளி உணவுக்கூடத்தில் பணியாற்றியவர். தம்மிடம் துப்பாக்கி உண்டு என்று அவர் தாமே முன்வந்து சொன்னார், உரிமமும் பெற்றிருந்தார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார்.

சிறுத்தைகள் 1969 சனவரியில் ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் காலையுணவு படைக்கத் தொடங்கினர். அது விரைவில் பல நகரங்களுக்குப் பரவியது. நடுவண் புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவர், அக்கட்சியின் செல்வாக்குக்கு இதுவே பெருங்காரணம் என்று கண்டு, இதை முறியடிக்க உத்தரவிட்டார். சோறு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த மாநிலத்தவராகிய நமக்கு, அவர் எதற்கு அஞ்சினார் என்பது விளங்கும். இக்காலையுணவுப் பந்தியின் படத்தைச் சுவரில் ஒட்டிய இளைஞரை நாம் இன்னும் காணவில்லை.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலானோர் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தோற்றுவித்தபோது பெயரை அங்கிருந்து எடுத்தனர், துப்பாக்கியை எடுக்கவில்லை. அது அச்சத்தால் அன்று என்பது நம் கருத்து. உரிமம் எழுதும் கை யாருடையது என்பதை நம் மக்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கையைப் பற்றி நம் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு இனங்காண வேண்டும் என்கிறது. தேவையெனக் கருதினால் அப்பகுதியில் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி, அவற்றை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். தேவையெனக் கருதினால் நம் மக்களுக்கு உரிமம் வழங்கவும் செய்யலாம். நம் இளைஞர் பின்னதையே ஆவலோடு கேட்கின்றனர். முன்னதைக் கேட்டு மனு எழுதியவர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. தேவையெனக் கருதும் நாற்காலியில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

அவ்விதியின் படி ஒன்றைச் சங்கப் படிப்பகத்தில் கொடுத்திருக்கிறோம். படித்துவிட்டு வருவோரோடு அடுத்த மாதக் கூட்டத்தில் மனு எழுதும் முறையைப் பேசுவோம்.