பிள்ளைகளின் இருதயத்தையும் கவனிப்போம்

(வடகரையில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் பேசியது)



 எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த பிள்ளைகளின் இருதயத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அநேகர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நமது நாட்டில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையில். டாக்டர் சுனிதி சாலமோனின் மேற்பார்வையில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. ஆகவே மிஷன் மருத்துவ ஊழியத்துக்கு இதில் ஆரம்பம் முதலே பங்கு உண்டு.

எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வியாதி என்றே ஜனங்கள் இதை அறிவார்கள். ஆனால் 1990-களில் அமெரிக்காவில் டாக்டர் ஸ்டீவன் லிப்ஷுல்ட்ஸ் முதலானோர் இப்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காக எக்கோ பரிசோதனை செய்து பார்த்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாதிருக்கும்போதே பலருடைய இருதயத் தசை பலவீனப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மரண ஆபத்தும் அதிகமாயிருந்தது.

இது எப்படி நேரிடுகிறது? கிருமியினாலும், கூடவே வரும் மற்றத் தொற்றுகளினாலும் தசை தளர்ந்து இருதயம் பெரிதாகலாம். காசநோய் வந்தால் இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கட்டலாம். நுரையீரல் திரும்பத் திரும்பக் கெட்டால் இருதயத்தின் வலப்பக்கம் பாரம் சுமக்கும். இரத்தசோகையும் சத்துக்குறைவும் இவற்றை மோசமாக்கும்.

தாய் காண்பதோ வேறு. பிள்ளை நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கைக்குழந்தைக்குப் பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கிறது. கால் வீங்குகிறது, மல்லாந்து படுக்க முடிவதில்லை. "சளிதான் ஐயா" என்கிறார்கள். சளி மருந்து வாங்கிக் கொடுப்பதோடு காரியம் நின்றுவிடுகிறது. அந்தச் சமயத்தில் ஒரு எக்கோ எடுத்தால் பிள்ளையைக் காப்பாற்ற வழி பிறக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. 2004 ஏப்ரல் முதல் தேதி நமது அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2006-இல் பிள்ளைகளுக்கென்றே தனித் திட்டம் வந்தது. கூட்டு மருந்து சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளின் இருதயம், அம்மருந்து வருவதற்கு முந்திய காலத்துப் பிள்ளைகளுடையதைவிட நன்றாயிருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. சில மருந்துகள் இரத்தக் கொழுப்பைக் கூட்டக்கூடும். ஆகையால் மருந்தையும் விடக்கூடாது, பரிசோதனையையும் விடக்கூடாது.

மருந்து இலவசம்தான். ஆனால் பீடி சுற்றிப் பிழைக்கும் தாயிடம், இருதய டாக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போ என்றால், பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறது. தாய் தகப்பனை இழந்து ஆச்சி வளர்க்கும் பிள்ளைக்கு யார் துணை போவார்? தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமே என்ற வெட்கம் வேறு. இப்படித்தான் ஒரு மாதம் மருந்து தவறுகிறது. பிறகு மூன்று மாதம் தவறுகிறது. அதன் பலனை அந்தச் சின்ன இருதயம் சுமக்கிறது.

பிரியமானவர்களே, தொடுவதினாலும், கூட உட்கார்ந்து சாப்பிடுவதினாலும் இந்தக் கிருமி பரவாது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் இவர்களை ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. குஷ்டரோகியின்மேல் கைவைத்த ஆண்டவரின் ஜனங்களுக்கு இதைச் சட்டம் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் காணிக்கை ஒரு எக்கோவாக, ஒரு பயணச் செலவாக, தினம் ஒரு முட்டையாக மாறட்டும். பணம் கொடுக்க இயலாதவர்கள் ஒரு பிள்ளையோடு பஸ்ஸில் துணையாகப் போய் வாருங்கள். அதுவும் காணிக்கைதான். உங்கள் ஜெபங்களில் இப்பிள்ளைகளை மறவாதிருங்கள். தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.