சொல்லுக்கு ஒரு இடம் வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்ஜினியருக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் எருமப்பட்டிக்காரன். தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கில நாவல்களை வேலைக்குப் போன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

நம் மாணவர்கள் பலர் டிக்கன்ஸை ஆசையோடு எடுத்து, பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். "வார்த்தையே தெரியலீங்கண்ணா, அப்புறம் எப்படிங்க படிக்கிறது?" என்கிறார்கள். சிலர் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான சொற்பட்டியலை வாங்கி நெட்டுருப் போடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியலும் மறந்து போகிறது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். எட்டாவது தாண்டாத பையன் சேஸிஸ், ஆக்ஸில், ரிவெட் என்று சரளமாகச் சொல்வான். அவனுக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பொருளைக் கையால் தொட்டிருக்கிறான், அதனால் மறக்காது. நாவல் படிக்கிறவருக்கு வாக்கியம்தான் பட்டறை. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அர்த்தம் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எழுத்தாளர்களின் வரிகளை லட்சத்துக்கும் மேல் எடுத்துக் காட்டினார்.

வாக்கியத்தைப் பார்க்காவிட்டால் தெரிந்த சொல்லும் ஏமாற்றிவிடும். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், காலின்ஸ் என்ற பாதிரியார் ஒரு சீமாட்டியின் 'கான்டிசென்ஷ'னை வாயாரப் புகழ்கிறார். இன்று அந்தச் சொல்லுக்குப் பிறரை மட்டமாக நடத்துவது என்று பொருள். அன்று, பெரிய மனிதர் இறங்கி வந்து பழகுவதைக் குறித்தது. இது நமக்குப் புதிதா என்ன? பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணம், இன்று? தமிழ் வகுப்பில் கற்ற அதே பாடம்தான்.

நம் பாடப் புத்தகமும் கைகொடுக்கும். சிங்க்ரனஸ் மோட்டார் தெரியும் அல்லவா? கிரேக்க மொழியில் 'குரோனோஸ்' என்றால் காலம். 'சின்' என்றால் சேர்ந்து. வேர் தெரிந்தால், நடந்ததைக் கால வரிசையில் சொல்லும் 'கிரானிக்கிள்', காலத்துக்குப் பொருந்தாத 'அனாக்ரனிசம்' இரண்டும் கூடவே வரும்.

ஆங்கிலம் யாரோ ஒருவருடைய சொத்து என்று ஒதுங்கவும் வேண்டாம். அது நம்மிடமும் கடன் வாங்கியிருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது. நம் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் குருந்தக்கல்லை உலகமே 'கொரண்டம்' என்கிறது. அது தமிழ் கொடுத்த பெயர்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஒரு அத்தியாயத்தை அகராதி தொடாமல் கதைக்காகப் படிப்பேன். தெரியாத சொல்லைப் பென்சிலால் கோடிடுவேன். மறுமுறை படிக்கையில், திரும்பத் திரும்ப வருகிற சொல்லையும், கதையைத் தடுக்கிற சொல்லையும் மட்டும் பார்ப்பேன். லிப்கோ போதும், போதாதபோது, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம். பிறகு அந்த வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுதி, அடியில் தமிழில் நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு வரி. நாளுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கிடையாது. முதல் நாவல்தான் மலையேற்றம். ஒரே ஆசிரியரின் இரண்டாவது நாவலை எடுங்கள். பழகிய சொற்கள் எதிரே வந்து வணக்கம் சொல்லும்.

வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். இளம் வயதில் நம் சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆங்கிலேயரே அவர் ஆங்கிலத்தைக் கேட்டு வியந்தார்கள். அவர் காலத்தில் புத்தகம் கிடைப்பதே பெரும்பாடு. இன்று, 1971-இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க்கில் ஆஸ்டினும் டிக்கன்ஸும் இலவசம். கையிலிருக்கும் போனே போதும்.

தம்பி தங்கைகளே, ஆங்கிலத்தை இன்டர்வியூவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் வேலை கிடைக்கும்; அதோடு நின்றுவிடும். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் சிரிப்பும் துக்கமும் நேரடியாக நமக்குப் புரிவது வேறு சம்பளம். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. இன்றிரவே ஒரு அத்தியாயம் ஆரம்பியுங்கள்.