மாவுக்கட்டில் ஒரு மணிவயிறு



சுமைதாங்கி என்பது நீங்கள் அறிந்த சொல்தான். ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிற வழிப்போக்கன் பிறர் கையை எதிர்பாராமல் அதன்மீது சுமையை இறக்கி இளைப்பாறுவான். பிறகு தானே ஏற்றிக்கொண்டு நடப்பான். கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்ட பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இக்கல்லை நடுவது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. அவள் இறக்க முடியாத சுமையை ஊராராவது இறக்கிக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து.

1845ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது, அடிவாரத்திலிருந்து பொருள்கள் மனிதர் தலையிலும் தோளிலுமே மலையேறின. சுமையின் பொருளை அந்தக் கூலியாட்களைவிட நன்கு அறிந்தவர் யார்? அவ்வாறே, நெடுங்காலம் வண்டிப் பாதை காணாத வெள்ளகவி போன்ற மலையூர்களில், பேறுகாலப் பெண்ணை டோலி கட்டித்தான் தூக்கிச் சென்றார்கள். வழியிலேயே வலி கண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேலை நாட்டிலும் கருவுற்ற வயிற்றின் உருவம் மரணத்தின் பக்கத்திலிருந்து வந்ததுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் மருத்துவம் செய்த வில்லியம் ஹண்டர் என்பவர், கருவோடு இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்து, பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து வைத்தார். 1774ஆம் ஆண்டில் 34 பெரிய படங்களோடு அவர் வெளியிட்ட நூல் பேறுகால மருத்துவத்துக்குப் பெருந்துணை புரிந்தது. அந்த அச்சுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காட்சிச் சாலையில் உள்ளன. அறிவுக்கு அவை பயன்பட்டன என்பது உண்மை. ஆயினும் அவற்றை நோக்குகிறவர் நெஞ்சு கனக்காமல் இராது.

உயிரோடும் மகிழ்ச்சியோடும் அமர்ந்திருக்கும் தாயின் வயிற்றை வீட்டிலேயே அச்செடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகவும் பிற்பட்டது. பிள்ளைப்பேறு அச்சம் தருவதாக இருந்த வரையில் இவ்விளையாட்டு எவருக்குத் தோன்றும்? தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03ஆம் ஆண்டுகளில் 134ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20ஆம் ஆண்டுகளில் 54ஆகக் குறைந்தது. அந்த 54ம் மிகுதிதான் என்பேன்.

இனி, செய்முறைக்கு வருவோம். எலும்பு முறிந்தவருக்கு மருத்துவர் போடுகிற மாவுக்கட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1850களின் தொடக்கத்தில் மத்தைசன் என்னும் டச்சுப் படை மருத்துவர் கண்ட முறை அது. மெல்லிய துணியில் பாரிஸ் சாந்துத் தூள் ஏற்றப்பட்டிருக்கும். ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடேற்றி, அதனுள் இருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பது இத்தூள். நீர் பட்டவுடன் இழந்ததை மீண்டும் பற்றிக்கொண்டு கல்லாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. சிறிதளவு விரியவும் செய்கிறது. விரிவதனால்தான் நுண்ணிய வரியும் அச்சில் விழுகிறது.

அந்த வெப்பத்தை எளிதாக எண்ணாதீர்கள். 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஓவிய வகுப்பில், ஒரு மாணவி வாளியில் கரைத்த சாந்துக்குள் தன் கைகளை வைத்திருந்தாள். சாந்து இறுகியது, கையை எடுக்க முடியவில்லை. வெந்துபோன விரல்களில் இரண்டே எஞ்சின. ஆகவே, தூளைக் கரைத்து உடம்பில் கனமாக அப்புவது கூடவே கூடாது. மெல்லிய மாவுக்கட்டுத் துணி ஒன்றே தக்கது. அதையும் வெதுவெதுப்பான நீரில்தான் நனைக்க வேண்டும். நீர் சூடாக இருந்தால் சாந்து விரைந்து இறுகி, மேலும் கொதிக்கும்.

உங்கள் அக்காளுக்கோ அண்ணிக்கோ இதைச் செய்து தர ஆசைப்பட்டால், முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். வளைகாப்பு முடிந்து, ஒன்பதாம் மாதத்தை ஒட்டி வயிறு நன்கு திரண்டிருக்கும் காலம் ஏற்றது. அவரை மல்லாந்து படுக்க வைக்கலாகாது. நிறைந்த கருப்பை, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாளத்தை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். நெடுநேரம் நிற்கவும் வேண்டா. நாற்காலியில் சாய்ந்து அமரட்டும். தோலில் ஓர் இடமும் விடாமல் வாசலினைத் தடிப்பாகப் பூசுங்கள். துணியை ஒரு சாண் அளவுத் துண்டுகளாக முன்பே நறுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு ஒட்டுங்கள். கால்மணி நேரத்தில் இறுகிவிடும். அவர் வயிற்றை மெல்ல அசைத்து மூச்சை இழுத்துவிட்டால் அச்சு தானே கழன்றுவரும். சூடோ எரிச்சலோ மயக்கமோ தோன்றினால் அந்த நொடியிலேயே பிய்த்தெறிந்துவிட வேண்டும். அச்சு போனால் போகட்டும். கழுவிய நீரைத் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள். குழாயும் கல்லாகிவிடும்!

கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊரில் மற்றொன்று கருதத்தக்கது. ஈரத்துணியோடு அமர்ந்திருப்பவருக்கு நடுக்கம் எடுக்கும். அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியடுப்பு மூட்டிவிடாதீர்கள். கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத கார்பன் மோனாக்சைடு, தாயைவிட வயிற்றுக் குழந்தையைக் கடுமையாகத் தாக்கும். வெயில் ஏறிய நண்பகலைத் தேர்ந்தெடுத்து, தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முகில் வீட்டிற்குள்ளேயே நுழையும் அம்மலையில், அச்சு உலர நாள் பல ஆகும், பூஞ்சணமும் பிடிக்கும். அடுப்பருகே தள்ளிச் சுட்டு உலர்த்தினால் பொடிந்துபோகும். காற்றோட்டமான நிழலில், அடியில் காகிதச் சுருளை முட்டுக் கொடுத்து, வளைவு குலையாமல் வைத்திருங்கள். தையிலும் மாசியிலும் செய்தால் தொல்லை குறைவு. முற்றும் காய்ந்த பின்னரே வண்ணம் தீட்டலாம். சாந்து நீரில் சிறிது கரையும் இயல்புடையது. சுமைதாங்கிக் கல்லைப் போல மழையில் நிற்காது. உட்புறத்தில் தாயின் பெயரையும், நாளையும், எத்தனையாவது வாரம் என்பதையும் எழுதி, சுவரில் ஈரம் படாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.