காலி மனையும் பச்சை வயலும்

(தஞ்சையில் நண்பர்களிடையே பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மனைக் கணக்கு. சாமி, சாஸ்திரம், சடங்கு பற்றி ஏதாவது சொல்லுவோமென்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் தலைவிதி, அதிர்ஷ்டம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல காரியங்கள் சர்க்கார் காகிதத்தில் ஒரு வரியாகவே இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நகரத்துக்குள் ஓடாமல் நின்றுபோன நெல் அரவை மில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெல் காயவைத்த களமெல்லாம் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நகரத் திட்டத்தில் அது தொழிற்சாலைப் பகுதி. ஆபீஸ் கட்ட அனுமதியில்லை. ஜனங்கள் அதை ராசியில்லாத மனை என்கிறார்கள். ஒரு நாள் சர்க்கார் உத்தரவு வருகிறது. வரைபடத்தில் அந்த இடத்தின் நிறம் மாறுகிறது. தொழிற்சாலைப் பகுதி என்பது வணிகப் பகுதியாகிவிடுகிறது. உடனே விலை பல மடங்கு ஏறுகிறது. சொந்தக்காரர், "மகாலக்ஷ்மி கண் திறந்தாள்" என்று தேங்காய் உடைக்கிறார்.

எந்த லக்ஷ்மி கண் திறந்தாள்? அந்த மனையில் அவர் ஒரு கூடை மண்ணாவது வெட்டினாரா? அதற்கு முன்னால் ரோடு போட்டது யார் வரிப்பணம்? சாக்கடையில் இறங்கியது யார் பிள்ளை? பஸ் நிலையத்தையும் குடிநீர்க் குழாயையும் கொண்டுவந்தது யார்? ஊரார் அத்தனை பேரும் சேர்ந்து ஏற்றிய விலையை ஒருவர் தம் பூஜையின் பலன் என்கிறார். நாமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்!

ஆபீஸே வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. 2024 செப்டம்பரில் தஞ்சை மேலவஸ்தாசாவடியில் சர்க்கார் 55,000 சதுர அடியில் நியோ டைடல் பூங்காவைத் திறந்ததை நாம் வரவேற்கிறோம். பட்டம் பெற்ற பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறுகிறார்கள். பெண்களின் கதி என்ன? "தூர தேசத்துக்குத் தனியாக அனுப்புவதா?" என்று, படித்த பெண்ணை அடுப்பங்கரையில் உட்கார வைக்கிறோம். டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் ஓர் ஆபீஸ் இருந்தால், அவள் கையில் அவள் சம்பாத்தியம் இருக்கும். அது சாதாரண காரியமல்ல.

ஆனால் அந்த ஆபீஸை எங்கே கட்டுவது என்பதே கேள்வி. நம் தஞ்சைக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு மா என்பது 100 குழி. ஒரு குழி 144 சதுர அடி. ஆக 14,400 சதுர அடி. 55,000 சதுர அடி ஆபீஸை நான்கு அடுக்காக எழுப்பினால் கட்டடத்துக்கு ஒரு மா நிலம் போதும். வண்டி நிறுத்தவும் மரம் வைக்கவும் இன்னும் மூன்று மா கொடுத்தாலும் மொத்தம் நாலு மா. இந்த நாலு மா நகரத்துக்குள் காடாகக் கிடக்கும்போது, பைபாஸ் ஓரத்தில் இரு போகம் விளையும் நஞ்சையை ஏன் தூர்க்க வேண்டும்? மூடிய மில்லைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்; காவேரி வண்டல் படிந்த வயலில் கான்கிரீட் ஊற்றிவிட்டால், அதைத் திரும்ப வயலாக்க எந்த யாகமும் உதவாது.

"அதற்குத்தான் 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்தது நல்லதே. ஆனால் அதன் தடைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு தோண்டுவது, தாமிரம், துத்தநாகம் உருக்குவது, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது போன்றவை இருக்கின்றன. மனைக்கட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் சட்டம் பார்த்துக்கொள்ளுமென்று தூங்குவது, சாமி பார்த்துக்கொள்ளுமென்று தூங்குவதைப் போன்றதுதான்.

சரி, நகரத்துக் காலி நிலத்தின் நிறத்தை மாற்றினால் மட்டும் எல்லாருக்கும் நன்மை வந்துவிடுமா? பம்பாயைப் பாருங்கள். 1982-ல் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் பல மில்கள் திறக்கவேயில்லை. 1991-ல் அங்கே ஒரு விதி செய்தார்கள். மில் நிலத்தில் வேறு கட்டடம் கட்டுவதானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு ஏழைகளுக்கு வீடு, ஒரு பங்கு சொந்தக்காரருக்கு. நியாயமான விதி! 2001-ல் சத்தமில்லாமல் அதைத் திருத்தினார்கள். மில் கட்டடங்கள் நிற்கும் இடம் பங்கில் சேராது, வெறுமையாகக் கிடக்கும் இடத்துக்கு மட்டுமே பங்கு என்றார்கள். 2005-ல் பம்பாய் ஹைகோர்ட்டு அதற்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தமே செல்லுமென்றது. பரேல் பக்கத்தில் சங்கு ஊதிய புகைக்கூண்டுகளின் இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. தறி ஓட்டியவனின் பங்கு ஒரு வரித் திருத்தத்தில் கரைந்துபோயிற்று.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, நகரத்துக்குள் காலி நிலம் கிடக்கும்வரை நஞ்சையைத் தொடக்கூடாது. இரண்டு, நிறம் மாற்றியதால் ஏறும் விலையில் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும். அது, அந்த ஊரைக் கூட்டித் துடைப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே அல்ல, ஊருக்கு நடுவிலேயே வீடாக வரவேண்டும். மூன்று, நில உபயோகம் மாற்றும் அறிவிப்பு பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் வந்து போகாமல், ஒவ்வொரு தெருவிலும் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் பத்துத் தடவை புரட்டுகிறோம். நம் ஊரின் நிலத்தை யாருக்கு எதற்காக மாற்றுகிறார்கள் என்று சொல்லும் அறிவிப்பை எத்தனை பேர் ஒரு தடவையாவது படித்திருக்கிறோம்? ஆட்சேபணை சொல்லக் கொடுக்கும் நாட்கள் மிகவும் கொஞ்சம். அந்த நாட்களுக்குள் படியுங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்; கூடிப் பேசி எழுதிக் கொடுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையிலேயே உங்கள் தெருவில் காடாகக் கிடக்கும் மனை எது, ஊர் எல்லையில் கல் நட்டிருக்கும் வயல் எது என்று இரண்டையும் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.