எந்த ஆறு, யாருக்கு?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அக்டோபரில் நம் குடியிருப்பிலிருந்து இருபது பேர் ரிஷிகேஷ் போகிறோம். கங்கையில் ராஃப்டிங் போவதும் முடிவாகிவிட்டது. எந்த இடத்தில் படகு ஏறுவது என்பதில்தான் வாட்ஸ்அப்பில் இன்னும் வாக்குவாதம். அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1, 2 என்றால் சின்ன அலைகள், புதியவர்கள் போகலாம். 3 என்றால் தண்ணீர் படகுக்குள் அடிக்கும். வழிகாட்டி குரல் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட வேண்டும். 4 அனுபவசாலிகளுக்கு. 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 உயிரோடு விளையாடுவது.

ரிஷிகேஷில் ஆறு ஒன்றுதான். ஏறும் இடத்தைப் பொறுத்துத் தரம் மாறும். பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கி.மீ.; எளிய அலைகளே அதிகம். சிவ்புரியில் ஏறினால் சுமார் 16 கி.மீ.; 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' போன்ற பெரிய அலைகள் வரும். கௌடியாலாவிலிருந்து 35 கி.மீ. அளவு, அந்த வழியில் உள்ள 'தி வால்' அனுபவசாலிகளையே கவிழ்த்துவிடும்.

இந்தத் தரமும் நிரந்தரமல்ல. நீர் ஏறினால் கடுமையும் ஏறும். மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவிடுவது அதனால்தான். அக்டோபரில் போகும் நாம், அன்றைய நீர்மட்டத்தை வழிகாட்டியிடம் கேட்டுவிட்டே ஏற வேண்டும்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். கடன் கேட்பவரின் ஆசையைப் பார்த்து நாங்கள் தொகையை முடிவு செய்வதில்லை. கட்டும் சக்தியைப் பார்ப்போம். இங்கேயும் அதேதான். ஒரு படகில் ஏழெட்டுப் பேர். அதில் துணிச்சல்காரரை வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது. மிகவும் பயப்படுபவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் துடுப்பை விட்டுவிட்டால் எல்லோருக்கும்தான் ஆபத்து.

ஆகவே என் யோசனை: முதல் முறை போகிறவர்கள் பிரம்மபுரியில் ஏறட்டும். ஏற்கெனவே போய் வந்தவர்கள் தனிப் படகில் சிவ்புரியிலிருந்து வரட்டும். கௌடியாலா இந்த முறை வேண்டாம். இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கரையிலிருந்து கைதட்டலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. தவறி விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள்; பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் பக்கம் நீட்டி மிதந்து வாருங்கள்.

பெயர் கொடுப்பவர்கள் எந்தப் படகு என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.