கைநாட்டு ஒப்புதல் ஆகுமா?



சாமை விளையும் இச் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். கொடுநோய் வந்துற்றால் அவர்கள் மலையிறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ செல்கின்றனர். ஆங்கு நீட்டப்பெறும் தாள் எம்மொழியில் உள்ளது? அதைப் படித்து விளக்குபவர் யார்? பெருவிரலில் மை தடவுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் இவை.

கேளாவிடின் என்ன நேரும் என்பதைக் கம்மம் காட்டிற்று. 2009-இல், அற்றை ஆந்திரத்தைச் சேர்ந்த அம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்று தொடங்கிற்று. ஊசி போடப்பெற்றோர் 10 முதல் 14 அகவைச் சிறுமியர். அவருள் விடுதியில் தங்கிப் பயின்ற பழங்குடிப் பிள்ளைகள் பலர். சிறுமியர் சிலர் இறந்தபின், 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகட்கு ஊசி ஏதுவன்று என்றே உசாவற் குழு கருதியது. ஆனால், ஒப்புதல் தாள்கள் கூறியது வேறு. ஆராயப்பெற்ற 9,543 தாள்களுள் 2,763-இல் ஒப்பமிட்டவர் விடுதிக் காப்பாளர்! 1,948-இல் இருந்தது கைநாட்டு. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனைக் கடிந்துரைத்தது. ஊசி நல்லதே ஆகுக. பெற்றோரைக் கேளாது பிள்ளையின் உடலை ஆய்வுக்கு ஒப்படைக்கும் உரிமை காப்பாளர்க்கு எங்கிருந்து வந்தது?

பண்டுவத்திற்கும் இதுவே அறம். நோயறியும் ஆய்வுக்கு மட்டும் ஒப்பிய பெண்ணொருவர் மயக்கத்திற் கிடக்கையில், அவர்தம் தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டனர். அவ்வொப்புதல் செல்லாது என 2008-இல் இந்திய உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது.

எழுத்தறியாதார் ஒப்புதல் தரவியலாதா? இயலும். 2019-ஆம் ஆண்டின் புதுமருந்து ஆய்வு விதிகள், செய்தியை அவர்க்கு விளங்கும் எளிய மொழியில் கூறவேண்டும் என்றும், படிக்க இயலாதவர்க்கு நடுநிலைச் சான்றாளர் ஒருவர் முழுதும் உடனிருக்க வேண்டும் என்றும் வரையறுக்கின்றன.

ஆனால், தமிழெழுத்தில் அச்சிட்டால் மட்டும் அது தமிழாகிவிடாது. 'ரேண்டம் முறை', 'பிளாசிபோ' என எழுதிய தாள் யார்க்கு விளங்கும்? "உமக்குக் கிடைப்பது மருந்தா, மருந்தில்லா வெற்று மாத்திரையா என்பது குலுக்கலில் முடிவாகும்" என்று சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் மூதாட்டியும் அறிவார். "வேண்டாமென மறுத்தாலும் உமக்குரிய பண்டுவம் குறையாது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கற்ற இளைஞரே! மலையிறங்கி வரும் நோயரோடு உடன் செல்லுங்கள். தாளைப் படித்துச் சொல்லுங்கள். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். விளங்கியபின் இடும் கைநாட்டே ஒப்புதலாகும். தமிழ்த்தொண்டு மேடையோடு முடிவதன்று. மருத்துவமனை வாயிலிலும் அது காத்துக்கிடக்கின்றது!