படபடப்பு வந்தா எந்த டாக்டர்கிட்ட போகணும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உடல்நலக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கிக் கடன், சுழல் நிதி பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க விளக்கமா சொல்லிட்டாங்க. நான் நெஞ்சுப் படபடப்பு பற்றி மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடறேன்.

எங்க குழுவில் ஒரு சகோதரி. எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. மூணு வருஷமா அவங்களுக்குத் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும். பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ அடிச்சிட்டு, சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுடும். ஒருத்தர் கேஸ்னு சொன்னார். இன்னொருத்தர் ரத்தம் கம்மின்னார். கடைசியில் 'மனசுல பயம்'னு சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. ரெண்டு தடவை உள்கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்த ஈசிஜி எல்லாமே நார்மல்.

ஏன் நார்மல்? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது படபடப்பு நின்னு போயிருக்கும். ஈசிஜி அந்த நிமிஷத்தைத்தான் காட்டும், காலையில் நடந்ததைக் காட்டாது. ஒரு நாள் வேலை நேரத்திலேயே வந்தது. கூட இருந்தவங்க உடனே ஆட்டோ பிடிச்சுப் பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுக்க வச்சாங்க. துடிப்பு நிமிஷத்துக்கு 190. உட்கார்ந்திருக்கும்போது 60-லிருந்து 100-க்குள் இருக்கணும். அந்த ஒரு தாளை வச்சுத்தான் விஷயம் வெளியே வந்தது.

எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். மெஷின் நின்னா ஃபிட்டரும் உண்டு, எலக்ட்ரீஷியனும் உண்டு. இருதயத்திலும் ரத்தக்குழாய் அடைப்பு வேற, கரண்ட் கோளாறு வேற. இருதய டாக்டர்களிலேயே இந்தக் கரண்ட் வேலையைத் தனியா படிச்சவங்க இருக்காங்க. எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்னு பேரு. வாயில நுழையலைன்னா 'இ.பி. டாக்டர்'னு கேளுங்க, போதும்.

அந்தச் சகோதரிக்குத் தொடை வழியா மெல்லிய கம்பியை விட்டு, தப்பான கரண்ட் பாதையைச் சுட்டுட்டாங்க. அப்லேஷன்னு சொல்றாங்க. நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷன் இல்லை. இந்த வகைப் படபடப்பில் பத்துப் பேருக்குச் செய்தால் ஒன்பது பேருக்கு மேல் குணமாகுது.

இன்னொரு வகை உண்டு. துடிப்பு ஒழுங்கே இல்லாமல் தாறுமாறா ஓடும். சின்ன வயசில் மூட்டுக்காய்ச்சல் வந்து வால்வு கெட்டவங்களுக்கும், வயசானவங்களுக்கும் வரும். இதில் இருதயத்துக்குள்ளே ரத்தம் உறைஞ்சு, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். டாக்டர் ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால், 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்'னு நிறுத்திடாதீங்க.

ஈசிஜி தாளைப் பத்திரமா வைக்கணும். ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் பண்ணிடாதீங்க, சூடு பட்டா அந்தத் தாள் கறுத்துப் போயிடும். சும்மா வச்சாலும் நாளாக ஆக எழுத்து மங்கிடும். அன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க, போனில் போட்டோ எடுங்க. படபடப்பு எப்போதாவதுதான் வருதுன்னா, 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவைக்கிற ஹோல்டர் பரிசோதனை வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறாங்க. அதில் நம்ம குழுப் பெண்களே நிறையப் பேர் வேலை செய்றாங்க. பிபி மெஷினில் கீழே மூணாவதா வர்ற நம்பர்தான் நாடித்துடிப்பு. அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்க.

ஈஎஸ்ஐ கார்டு இருந்தால் டிஸ்பென்சரியில் சொல்லி, அயனாவரம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்க. இல்லாதவங்களுக்குக் கீழ்ப்பாக்கம் இருக்கு, சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை இருக்கு. ஆவடியிலிருந்து ஒரே ரயில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையில் எடுத்துட்டுப் போங்க. கந்து வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி, அந்த கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்க.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. வீட்டில் யாராவது சின்ன வயசிலேயே திடீர்னு இறந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

அடுத்த மாதக் கூட்டத்தில் நாடி பிடித்து எண்ணப் பழகுவோம். ஊக்குநர்கள் செகண்ட் முள் உள்ள கடிகாரம் ஒன்று கொண்டு வந்துடுங்க.